விமானி வேலைக்குச் சிபாரிசு என்று சொல்லி 3,85,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: உரிமம் வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் கவனத்திற்கு

சிபாரிசு செய்வதாகச் சொல்லிப் பணம் வாங்கிய அலுவலகம் இன்று காலை என் கைப்பேசி எண்ணை முடக்கிவிட்டது. அப்பாவின் எண்ணிலிருந்து அழைத்தேன். என் குரல் கேட்டதும் அதையும் துண்டித்துவிட்டார்கள். 3,85,000 ரூபாய் போய்விட்டது என்பதை நானே ஒத்துக்கொள்ள எட்டு மாதங்கள் ஆகியிருக்கின்றன. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தில் விமானி உரிமம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும். நடந்ததையும், இப்படி ஏமாறாமல் இருக்கும் வழிகளையும் விரிவாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. 200 மணி நேரம் பறந்து, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகளை முடித்து, 2023ஆம் ஆண்டு சி.பி.எல். என்ற வணிக விமானி உரிமம் வாங்கினேன். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் கோ ஃபர்ஸ்ட் நிறுவனத்தின் விமானங்கள் பறப்பது நின்றது. ஏ320 போன்ற பெரிய பயணிகள் விமானத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடி நின்ற நேரத்தில், சின்னப் பயிற்சி விமானத்தில் 200 மணி நேரம் பறந்தவனை யார் கூப்பிடுவார்கள்? இரண்டு ஆண்டுகள் விண்ணப்பம் போட்டுப் போட்டுக் காத்திருந்தேன். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "உள்ளே ஆள் இல்லாம இதெல்லாம் நடக்காதுப்பா."

அந்த வார்த்தையைத்தான் அவர்கள் எனக்கு விற்றார்கள். அவர்கள் நடத்தியது விமானி வேலைக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தனியார் ஆலோசனை மையம். சென்னையில் ஒரு மாடி அறை. சுவரில் தோளில் நான்கு பட்டை வைத்த கேப்டன்களின் படங்கள். அப்பாவும் நானும் நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, நேரே அங்கேதான் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து, "எந்த ஊருடே நீ?" என்றார். சொன்னேன். "எங்க அம்மாவுக்கு வீரவநல்லூருல்லா!" என்று எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, தம்பிய எம்பொறுப்புல விட்டுருங்க" என்றார்.

ஆனால் நான் விழுந்தது அந்த ஊர்ப்பேச்சில் இல்லை. அவர் நான் பறந்த நேரங்களைக் குறித்து வைத்த லாக் புக்கை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, உரிமத்திற்காக நான் தனியாகப் பறந்த 300 கடல் மைல் பயணத்தின் வரியில் விரலை வைத்து, "இதுல எங்கெங்க எறங்குன? அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளில் யாரும் என்னிடம் நான் பறந்ததைப் பற்றிக் கேட்டதே கிடையாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவரை முழுதாக நம்பிவிட்டேன். பிறகு அவர் ஒரு "கேப்டனை" ஒலிபெருக்கியில் அழைத்தார். "பையன் பேர அனுப்புங்க, ரெண்டு மாசத்துல சிமுலேட்டர் தேர்வு" என்றது அந்தக் குரல். விமானம் போலவே இயங்கும் கருவியில் ஓட்டிக் காட்டும் தேர்வு அது.

கடைசியாக ஒரு படிவம் கொடுத்தார்கள். எந்த விமானம், எந்த ஊரில் பணி என்பதை நானே தேர்ந்தெடுக்கலாமாம். ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானத்தையும் சென்னையையும் குறித்தேன். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்த காலமெல்லாம் அங்கே வந்து போனவை புரொப்பெல்லர் விமானங்கள்தான். அவற்றைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. சென்னையிலிருந்து அப்படி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து தூத்துக்குடியில் இறக்குவேன் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கட்டத்தில் குறி போட்டேன். அன்றே 85,000 ரூபாய் கட்டினோம். பதினைந்து நாளில் அம்மாவின் ஆறு பவுன் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்து மீதி 3,00,000 ரூபாயையும் அனுப்பினோம்.

அதற்குப் பிறகு எல்லாம் சாக்குகள்தான். கேப்டன் பயிற்சிக்கு வெளிநாடு போயிருக்கிறார் என்றார்கள். பிறகு, அடுத்து எடுக்கும் ஆட்களின் பட்டியலில் பெயர் இருக்கிறது என்றார்கள். ஆடி மாதம் யாரும் புது ஆள் எடுக்க மாட்டார்கள் என்றுகூடச் சொன்னார்கள். எந்த விமான நிறுவனம் ஐயா ஆடி பார்த்து ஆள் எடுக்கிறது? ஐந்தாம் மாதம் நேரில் போனபோது அந்த வீரவநல்லூர்க்காரர் வெளியே வரவே இல்லை. ஒரு பெண் மட்டும் வந்து, நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார். அதில் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று இருந்தது. சிபாரிசு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. 3,85,000 ரூபாய்க்கு நான் வாங்கியது அந்த ஒரு தாள்தான்.

என்னோடு பறந்த சீனியர் அண்ணன் ஒருவர் இப்போது துணை விமானியாக இருக்கிறார். வெட்கப்பட்டு இவ்வளவு நாள் அவரிடம் கேட்காமல் இருந்துவிட்டேன். நேற்று கேட்டேன். "என் கம்பெனியில என் ஊழியர் எண்ணுல நானே உன் பேரக் கொடுக்கலாம்டே, அதுக்குக் காசு எதுக்கு?" என்றார். கொடுத்தாலும் எழுத்துத் தேர்வு, உளவியல் தேர்வு, சிமுலேட்டர், நேர்காணல் எல்லாவற்றையும் நானேதான் தாண்ட வேண்டும் என்றும், எந்த விமானம், எந்த ஊர் என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும் என்றும் சொன்னார். பழக்கம் உதவாது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே உதவுகிறது. ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி நம் காதுக்கு முன்னதாக வருவதும், கூடப் பறந்தவர் "இவன் கவனமானவன்" என்று நம் பேரைச் சொல்வதும் பழக்கத்தால்தான் நடக்கின்றன. ஆனால் நம்மைத் தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும். குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சியைச் சொந்தக் காசில் செய்வதா, இத்தனை ஆண்டு வேலை பார்ப்பேன் என்று நிறுவனத்தின் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதா, பயிற்சி ஆசிரியராகப் போவதா, காத்திருப்பதா என்பதில்தான் நம் விருப்பத்திற்கு உண்மையில் இடம் இருக்கிறது. படிவத்தில் ஊரைக் குறிப்பதில் இல்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிபாரிசுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டைப் ரேட்டிங்குக்குக் கட்டுவதானால் டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்திற்கே ரசீதோடு கட்டுங்கள். கையெழுத்துப் போடுமுன் தாளை முழுதாகப் படியுங்கள். ஏமாந்துவிட்டால் என்னைப் போல மாதக்கணக்கில் காத்திருக்காமல் அன்றே சைபர் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள்.

நாளைக் காலை 3,85,000 ரூபாய்க்கான வங்கிக் கணக்கு விவரங்களோடு புகார் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி இடத்தில் பணம் கட்டியவர்கள் நம் பக்கத்தில் யாராவது இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போகலாம்.