ஆட்டு உண்ணிக்கு டெல்டாமெத்ரின்: மருந்து கேட்கிறது, சீட்டுதான் மோசம்

மழை விட்டு வெயில் ஏறியதும் எங்கள் நாங்குநேரிப் பக்கத்தில் ஆட்டின் காதுக்குள்ளும் வாலடியிலும் உண்ணி அப்பிக்கொள்ளும். அதற்குத்தான் டவுனில் இந்த டெல்டாமெத்ரின் வாங்கினேன், மில்லிக்கு 12.5 மில்லிகிராம் உள்ளது. லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்து, கையுறை போட்டுக்கொண்டு துணியில் நனைத்துத் தேய்த்தால் உண்ணி சருகு மாதிரி உதிர்கிறது. அதில் குறையே இல்லை.

கோபமெல்லாம் பாட்டிலோடு வரும் சீட்டின் மேல்தான். பொடி எழுத்து, தமிழில் ஒரு வரிகூட இல்லை, மூடியில் அளவுக்கோடும் கிடையாது. கடையில் கேட்டால் "ரெண்டு மூடி ஊத்துங்க அண்ணாச்சி, சட்டுன்னு கேக்கும்" என்கிறார்கள். சிரிஞ்சை வைத்து அளந்து பார்த்தேன், ஒரு மூடியே 5 மில்லியைத் தாண்டுகிறது!

உண்ணியின் நரம்பில் சோடியம் நுழையும் வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் இந்த மருந்தின் வேலை, அது துடித்தே சாகும். ஆட்டுக்கும் நரம்பில் அந்த வாசல் உண்டு. கல்லீரல் மருந்தைச் சீக்கிரம் உடைத்துவிடுவதால் சரியான அளவை ஆடு தாங்கிக்கொள்கிறது, மீறினால் எச்சில் வடியும், நடுக்கம் வரும். எலிகளுக்கு வாய்வழியாகத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் மூளைத் திசுவின் கொழுப்பு சிதைந்து, செல்லைக் காக்கும் குளூட்டாதையோன் குறைந்திருக்கிறது, விந்தணுவின் எண்ணிக்கை, அசைவு, டெஸ்டோஸ்டிரோன் எல்லாமே இறங்கியிருக்கின்றன. மேலே தடவுவதும் வயிற்றுக்குள் போவதும் ஒன்றல்ல, சரி, ஆனால் ஆடு உடம்பை நக்குமே. ஒரு பொலிகிடாவை நம்பித்தான் மொத்தப் பட்டியும் சினை பிடிக்கிறது, அதன் மேல் போய் கண்ணளவில் மருந்தை ஊற்றலாமா? காயும்வரை நக்கவிடாமல் தனியாகக் கட்டிப் போடுங்கள். சினை ஆட்டுக்கும் பால்குட்டிக்கும் போடுவதற்கு முன்னால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து மாட்டாஸ்பத்திரியிலோ கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், வீட்டுப் பூனை மேல் ஒரு சொட்டும் படக்கூடாது, அதன் கல்லீரலால் இதைச் சமாளிக்க முடியாது. மிச்சத் தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள், மீனுக்கு இது எமன். இதற்கென்று தனி முறிமருந்தும் இல்லை, நடுக்கம் கண்டால் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இதில் ஒன்றையாவது தமிழில் அச்சடித்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். தமிழ்ச் சீட்டும் அளவு மூடியும் வரட்டும், நாலரை கொடுக்கிறேன்.