சவுக்கா, சீமைக்கருவேலமா, பனைமட்டையா: வேலி கட்டும் கைக்கு எது ஆபத்து?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மணற்பாங்கான உச்சிப்புளிப் பக்கம் தோட்டத்துக்கு வேலி என்றாலே, எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி. கட்டுகிறவருக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. மூன்றையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன்.

சீமைக்கருவேலம் காசில்லாமல் கிடைக்கும். கட்டையும் உறுதியானது. ஆனால் அதன் முள் ரப்பர் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிடும். என் தம்பிக்கு விரல் மூட்டில் முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. வீக்கம் வடிய வாரக்கணக்கானது. வெட்டிய இடத்திலேயே முள்ளைக் கழித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். முள் ஆழமாக ஏறினால் தனுர்வாத ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

பனைமட்டை நம் மண்ணின் பொருள், எனக்குப் பிடித்ததும் அதுதான். இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல்லாய் இருக்கும் கருக்கை அரிவாளால் சீவிவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. மீதி ஆபத்து மட்டைக் குவியலில் இருக்கிறது: தேளும் சுருட்டை விரியனும் அதன் அடியில் ஒண்டும். கம்பால் புரட்டிப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். பச்சை மட்டை வேண்டுமென்றால், மரமேறுவதையே தொழிலாகக் கொண்டவரைக் கூப்பிடுங்கள். காய்ந்த மட்டை சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படிப் பக்கம் வேண்டாம்.

சவுக்கில் முள்ளும் இல்லை, கருக்கும் இல்லை. இதில் ஆபத்து நீளத்தில்தான். முழுக் கம்பை அப்படியே நிமிர்த்தினால் மேலே போகும் மின்கம்பியில் பட்டுவிடும். தரையில் கிடத்தி அளவாக அறுத்த பிறகே நிறுத்த வேண்டும். மணல் பிடிமானம் தராது என்பதால் ஒன்பது அடி வேலிக்காலுக்கு மூன்றடியாவது உள்ளே போக வேண்டும். அப்படித் தோண்டும்போதுதான் பெரிய பயம். கிணற்று மோட்டாருக்குப் போகும் வயரைக் குழாய்கூட இல்லாமல் மணலில் புதைத்திருப்பார்கள். கடப்பாரை முழுக்க இரும்பு. வயரில் இறங்கினால் மின்சாரம் நேராகக் கைக்கு வரும். வயர் போகும் தடத்தை வீட்டுக்காரரே நடந்து காட்ட வேண்டும். குழி முடியும்வரை மெயின் அணைந்திருக்க வேண்டும்.

கரையானுக்கு அஞ்சிக் கழிவு எஞ்சின் எண்ணெய் பூசும் வழக்கத்தை விட்டுவிடலாம். தோலுக்குக் கெடுதல் என்பது ஒருபுறம். சில அடி ஆழத்திலேயே ஊற்று இருக்கும் இந்த மணலில் அது குடிநீரில் கலந்துவிடும். கால் உளுத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆடிக்காற்றில் எந்தப் படலையும் (கட்டி முடித்த வேலித் தட்டியை) தூக்கி நிறுத்தாதீர்கள். பாய் விரித்தாற்போல் காற்றை வாங்கி ஆளோடு சாய்த்துவிடும்.

என் தோட்டத்துக்குச் சவுக்குக் கால், இடையில் கருக்குச் சீவிய பனைமட்டை என்று முடிவு செய்துவிட்டேன். வயர் போகும் தடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. கால்கள் அதிலிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் நிற்கும்.