லோ ஃபைபரா, லோ ஃபாட்மேப்பா? எந்த வயிற்றுக்கு எது

வயிறு சரியில்லை என்றதும் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பட்டியலை எடுத்து அப்படியே பின்பற்றுகிறவர்கள் நிறையப் பேர். லோ ஃபைபர் (நார்ச்சத்தைக் குறைத்த உணவு), லோ ஃபாட்மேப் (குடலில் புளித்து வாயுவாகும் சில சர்க்கரைகளைக் குறைத்த உணவு) இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பல இடங்களில் இரண்டும் நேர் எதிரெதிர்.

லோ ஃபைபர் கவனிப்பது செரிக்காமல் மிஞ்சும் சக்கையை. தோல், விதை, தவிடு, முழு தானியம் எல்லாவற்றையும் ஒதுக்கி நாளுக்கு சுமார் 10 கிராம் நார்ச்சத்தோடு நிறுத்துவார்கள். சாதாரணமாக பெரியவர்களுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால் இது எவ்வளவு பெரிய வெட்டு என்று பாருங்கள். கிரோன் நோயால் (நாள்பட்ட குடல் அழற்சி) குடல் குறுகிப்போனவர்கள், டைவர்ட்டிகுலைட்டிஸ் (பெருங்குடல் சுவரில் உண்டாகும் சிறு பைகளின் அழற்சி) வந்து தணிந்துகொண்டிருப்பவர்கள், குடல் அறுவை முடிந்து முதல் சில வாரங்களில் இருப்பவர்கள், கொலோனோஸ்கோப்பிக்கு (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தயாராகிறவர்கள், இவர்களுக்கு இது நிஜமாகவே உதவும்.

லோ ஃபாட்மேப் வேறு கதை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த இந்த முறை முக்கியமாக ஐ.பி.எஸ். (அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம், மலம் கழிப்பதில் மாற்றம் தரும் குடல் கோளாறு) உள்ளவர்களுக்கானது. இதில் பிரச்சினை சக்கை அல்ல. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்து, பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும் சில வகைச் சர்க்கரைகள்தான். அதனால் வெள்ளை ரொட்டி லோ ஃபைபரில் தாராளமாக உண்டு, ஃபாட்மேப்பில் கோதுமை என்பதால் கட்டுப்பாடு. கிவியும் ஸ்ட்ராபெர்ரியும் அளவோடு ஃபாட்மேப்பில் சரி, விதை இருப்பதால் லோ ஃபைபரில் வேண்டாம். உரித்துப் பிசைந்த உருளைக்கிழங்கு இரண்டிலும் உண்டு, ஆனால் அதில் பூண்டு போட்டால் ஐ.பி.எஸ். வயிறு உப்பிவிடும். குடல் குறுகியவர் ஃபாட்மேப் பட்டியலை நம்பி தோலும் விதையுமாகச் சாப்பிட்டால் அடைப்பு வரைக்கும் போகலாம், அதனால்தான் இந்தக் குழப்பத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

லோ ரெசிட்யூ என்று இன்னொரு பெயரும் கேட்டிருப்பீர்கள். லோ ஃபைபரோடு பாலையும் குறைப்பது என்று பொதுவாகச் சொல்லலாம், இதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட வரையறை கிடையாது.

கால அளவில் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: எதுவுமே நிரந்தரம் இல்லை. ஃபாட்மேப்பில் ஒதுக்கி வைக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம்தான், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். லோ ஃபைபரில் இப்படித் தெளிவான கட்டங்கள் இல்லாததால் பலர் மாதக்கணக்கில் அதிலேயே தங்கிவிடுகிறார்கள். பெருங்குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துத்தான் பியூட்டிரேட் தயாரிக்கின்றன, பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். பெருங்குடலை இப்படி நீண்ட நாள் பட்டினி போட்டால் மலச்சிக்கலும் சேர்ந்து வரும். டைவர்ட்டிகுலா (பெருங்குடல் சுவரில் அந்தச் சிறு பைகள்) உள்ளவர்களை முன்பெல்லாம் கொட்டைகளையும் சோளப்பொரியையும் தொடவே கூடாது என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். 2008-இல் சுமார் 47,000 ஆண்களை 18 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு, அவற்றால் டைவர்ட்டிகுலைட்டிஸ் அபாயம் கூடுவதாகக் காட்டவில்லை.

என் ஆதரவு மூன்றாவது வழிக்கு: நார்ச்சத்தை அடியோடு வெட்டாமல் அதன் வடிவத்தை மாற்றுவது. தோல், விதை நீக்கி, குழைய வேகவைத்து, மசித்து, நன்றாக மென்று சாப்பிடுவது. குடல் குறுகிய கிரோன் நோயாளிகளுக்குக்கூட காய்கறி பழங்களை மொத்தமாகத் தடை செய்யாமல் இப்படி மென்மையாக்கித் தரலாம் என்ற பக்கம்தான் இப்போதைய மருத்துவ ஆலோசனையும் சாய்கிறது. ஐ.பி.எஸ். என்றால் தவிடு வயிற்றை இன்னும் கிளறிவிடலாம், இசப்கோல் போன்ற கரையும் நார் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

குறுகல் இருக்கிறதா இல்லையா என்பதை ஸ்கேன் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும், அதைத் தெரிந்துகொண்ட பிறகு டயட்டீஷியனோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். லோ ஃபைபரிலிருந்து வெளியே வரும்போது ஒரே நாளில் பழையபடி சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீரும் போதுமான அளவு குடித்துக்கொண்டு கூட்டுங்கள். வயிறு இறுக்கிப் பிடித்து வலித்து, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் எந்தப் பட்டியலையும் பார்க்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.