கம்போடியாவா, ஹட்டனா, கப்பலா? மிஷன் போக நினைக்கும் வாலிபர்களுக்கு ஒரு ஒப்பீடு

இங்கே மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் எங்கள் சபையில் இந்தப் பேச்சு கிளம்பும். "அக்கா, நான் மிஷன் போகலாமா? எதில் போகட்டும்?" சுங்கை சிப்புட்டில் வாலிபர் ஊழியத்தைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் வருடத்துக்கு மூன்று நான்கு பேராவது இதைக் கேட்கிறார்கள். போகலாமா என்றால், போ என்றுதான் எப்போதும் சொல்வேன். எதில் என்பதற்குத்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய வழிகள் மூன்று: பெரிய குழுவோடு கம்போடியாவுக்கு 9 நாள், நாலு பேராக இலங்கை மலையகத்துக்கு (ஹட்டன் பக்கம்) 3 வாரம், லோகோஸ் ஹோப் என்ற ஊழியக் கப்பலில் 2 வருடம். முதல் இரண்டிலும் நான் போயிருக்கிறேன். கப்பலில் போனவன் என் சித்தி மகன்.

காசை முதலில் பேசிவிடலாம். கம்போடியாவுக்கு எங்களுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 2,600 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. விமானம், ஹோட்டல், வேன், பரிசுப் பொருட்கள், ஒருநாள் அங்கோர் வாட் எல்லாம் சேர்த்து. மலையகத்தில் 3 வாரம் இருந்தும் 2,100க்குள் முடிந்தது. ஆலய வளாகத்திலேயே தங்கி, அவர்கள் ஆக்கியதைச் சாப்பிட்டோம். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆக, எதில் போனாலும் ஒருவரின் ஒரு மாத உழைப்புக்கு மேல் செலவு. ஆராதனை முடிந்ததும் நாசி லெமாக் விற்றோம், கார் கழுவினோம். ஆனால் பெரும்பகுதி, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த பாட்டிமார் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த 10 வெள்ளி, 20 வெள்ளிதான். இந்த ஊர்க்காரரும் மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, இப்படிச் சிறுகச் சேர்ந்த காசில்தான் தோட்டங்களே வாங்கப்பட்டன. அந்தக் கைகளிலிருந்து வரும் காசு எங்கே போகிறது என்று கேட்க எனக்குக் கடமை உண்டு.

கம்போடியா

2019இல் புனோம் பென்னுக்கு 14 பேர் போனோம். அந்தப் பயணம் கொடுத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். துவோல் ஸ்லெங் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். 1975க்கும் 1979க்கும் நடுவில் கெமர் ரூஜ் ஆட்சி அதைச் சிறையாக்கியது. இன்று அந்த வகுப்பறைகளில் கைதிகளின் புகைப்படங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. எங்களோடு வந்த பையன் ஒருவன், தன் வயதுப் பையனின் படத்துக்கு முன்னால் நின்றவன் நகரவே இல்லை. அன்றிரவு ஜெபத்தில் யாருக்கும் வாய் திறக்க வரவில்லை. அந்த ஆட்சியில் கம்போடியச் சபை ஏறக்குறைய அழிந்தே போனது. மிஞ்சியவர்கள் வெறுந்தரையிலிருந்து மறுபடியும் எழுப்பியதுதான் இன்றைய சபை. அப்படிப்பட்ட சபையில் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பாடிய பிள்ளைக்கு விசுவாசம் என்ற சொல்லின் எடையே மாறிவிடும். மற்ற இரண்டு வழிகளிலும் இதற்கு ஈடான ஒன்று இல்லை.

ஆனால் 9 நாளில் 2 நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கழித்தோம். நான் ஆங்கிலத்தில் ஆக்‌ஷன் பாட்டு சொல்லிக்கொடுக்க எழுந்தேன். முதல் வரியைத் தொடங்கியதுமே எல்லாப் பிள்ளைகளின் கையும் மேலே போய்விட்டது. எனக்கு முன்னால் நின்ற 7 வயதுச் சிறுமி என் மணிக்கட்டைப் பிடித்து, நான் தப்பாகத் திருப்பிய கையைச் சரியாகத் திருப்பிவிட்டாள். அவள் கையில் நாலு ரப்பர் வளையல்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குழுவின் பெயர். எங்களுடையது ஐந்தாவது. அவளுக்கு அம்மா இருந்ததும், அந்த அம்மா மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத் தூரத்தில் வாழ்ந்ததும் ஊர் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. கம்போடியாவின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. வெளிநாட்டுப் பார்வையாளர்களும் அவர்கள் தரும் காசும் கூடக்கூட இல்லங்களும் கூடுகின்றன. வறுமைப்பட்ட வீடு, படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பிப் பிள்ளையை அனுப்புகிறது. நம் பாட்டிமார் முடிந்து வைத்த காசு ஒரு தாயையும் மகளையும் பிரித்து வைக்க உதவியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு வலிக்கிறது. கம்போடியா போகிறவர்கள் அங்குள்ள சபையோடு நில்லுங்கள், இல்லங்களுக்குப் போகாதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சிலர், அப்படியானால் நேபாளம் போகலாமே என்பார்கள். அங்கே 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் 5 வருடம் வரை சிறை. துண்டுப்பிரதி கொடுத்துவிட்டு நாம் விமானம் ஏறிவிடுவோம். அப்புறம் போலீஸ் தேடிப் போவது அந்த ஊர்ப் போதகரைத்தான்.

மொழி

கம்போடியாவில் நாங்கள் பேசியதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான். ஒரு தாய் அழுதுகொண்டே நீளமாக ஏதோ சொன்னாள். எங்களுக்குக் கிடைத்தது "அவருக்கு உடம்பு சரியில்லை" என்ற ஒரே வரி. அதை வைத்துக்கொண்டுதான் ஜெபித்தோம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கு அப்போதுதான் 24 வயது ஆகப்போகிறது, கிட்டத்தட்ட நம் வாலிபர் வயது. வந்தவர் மேடை தேடவில்லை. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715க்குள் தமிழில் அச்சாகிவிட்டது. நமக்கு வந்த மிஷனே அ, ஆவில் தொடங்கியதுதான். அந்தத் தமிழைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள், அது துளியும் உதவாத ஊர்களையே தேடிப் போவது ஏன் என்று கம்போடியாவிலிருந்து திரும்பும் விமானத்தில் யோசித்தேன். அந்த யோசனைதான் எங்களை ஹட்டன் பக்கம் கொண்டுபோனது.

மலையகம்

2023இல் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாலு பேர் போனோம். அங்குள்ள சபை ஏற்கெனவே நடத்திவந்த மாலை வகுப்புக்கு ஆள் கேட்டிருந்தது. ஆள் கேட்டவர்கள் அவர்கள், திட்டமும் அவர்களுடையது. (விசா விஷயத்தில் அசட்டை வேண்டாம். செய்யப்போகும் வேலைக்கு எந்த விசா பொருந்தும் என்று அழைக்கும் சபையோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.)

போன அன்று ஒரு பாட்டி லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடு) கூப்பிட்டு உட்கார வைத்தார். வெறும் தேத்தண்ணி. கோப்பையைக் கொடுத்துவிட்டு, என் உள்ளங்கையை விரித்து அதில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார். கோப்பையில் போட அல்ல. ஒரு மிடறு தேத்தண்ணி, ஒரு நக்குச் சீனி. "மலேசியாவுலயும் லயம் இருக்கா மக?" என்று கேட்டார். இருந்தது பாட்டி, நான் பிறந்ததே லயத்தில்தான் என்றேன். அப்புறம் நாங்கள் விருந்தாளிகளாக இல்லை.

ஒரே மாவட்டங்களிலிருந்து, ஒரே மாதிரிக் கங்காணிகள் கூட்டி வந்த சனம் நாம். ஒரு பகுதி ரப்பருக்கு வந்தது, ஒரு பகுதி தேயிலைக்குப் போனது. அவர்கள் குடியுரிமையை 1948இல் இழந்தார்கள். கடைசியாக மிஞ்சியவர்களுக்கு அது கிடைக்க 2003 ஆகிவிட்டது. பாட்டி இதைச் சொன்னபோது எங்களோடு வந்த தங்கச்சி ஒருத்தி, தன் ஆயா மலேசியக் குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போனதைச் சொல்லி அழுதாள். மலையகத் தோட்டத்தில் நாள் கூலி 1,000 இலங்கை ரூபாய் ஆனதே 2021இல்தான்.

அந்தத் தங்கச்சிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு கொடுத்தார்கள். நன்றாகப் படித்தவள்தான். ஆனால் ஆறாம் ஆண்டுவரைதான் தமிழில் கணக்கு. அதற்குமேல் எல்லாம் மலாயில். பலகையில் எழுதிவிட்டு, "இதுக்குப் பேரு பெர்சமாஆன் குவாட்ராதிக்... தமிழ்ல என்ன?" என்று திணறினாள். முன்வரிசைப் பையன் எழுந்து, "இருபடிச் சமன்பாடு மிஸ்" என்றான். அவன் சொன்னதைப் பலகையில் எழுதி, தன் நோட்டிலும் எழுதிக்கொண்டாள். அன்றுமுதல் அந்த வகுப்பில் இரண்டு பக்கமும் படிப்பு நடந்தது. மூன்றாவது வாரம் அவள் கேட்காமலே ஒரு பிள்ளை தன் அப்பாவின் குடியைப் பற்றிச் சொன்னது. மொழிபெயர்ப்பாளர் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு அவளே ஜெபித்தாள்.

குறையும் உண்டு. 3 வாரம் போதாது. பாடம் பாதியில் நின்றது. அட்டைக்கடியும் குளிரும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஊர் திரும்பிச் சாட்சி சொல்லும்போது காட்டப் பெரிய படங்களும் இருக்காது. இதையும் ஒரு குறையாகச் சில பெற்றோர் சொன்னார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

கப்பல்

லோகோஸ் ஹோப் 1973இல் கட்டிய பழைய பயணிகள் கப்பல். 2009இலிருந்து புத்தகங்களோடு துறைமுகம் துறைமுகமாக ஊழியத்துக்குப் போகிறது. 60க்கு மேற்பட்ட நாட்டுத் தன்னார்வலர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. மாதாமாதம் ஆகும் செலவுக்கு அவரவர் சபைதான் தோள் கொடுக்க வேண்டும்.

என் தம்பியைச் சமையற்கட்டில் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். "அக்கா, கிழங்கு உரிக்கவா எல்லாரும் காசு போட்டு அனுப்பினாங்க?" எனக்குப் பதில் வரவில்லை. இரண்டாம் வருடம் அவனே அந்தப் பேச்சை விட்டுவிட்டான். ஒரே அறையில் கூடவே கிடக்கும் வேறு நாட்டுக்காரனோடு சண்டை போட்டு, ஒப்புரவாகி, மறுபடியும் சண்டை போட்டு வாழ்ந்தது தன்னை உடைத்தது என்றான். இன்று ஞாயிறு மதியம் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, யாரும் சொல்லாமலே தட்டு கழுவுகிறவன் அவன்தான். ஆளை மாற்றுவதில் கப்பலை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஆனால் தாத்தாவின் அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. படிப்பும் 2 வருடம் தள்ளிப்போனது. 18 வயதில் ஆங்கிலம் தடுமாறும் தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் சில மாதம் பெரும் தனிமை. அதனால் அழைப்பு தெளிவாக உள்ளவர்களை மட்டும், வீட்டாரின் மனதார்ந்த சம்மதத்தோடு அனுப்பச் சொல்வேன். குறுகிய பயணத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால், ஒய்-வாம் (YWAM) என்ற வாலிபர் மிஷன் அமைப்பின் சீஷத்துவப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது: 12 வாரம் வகுப்பு, அப்புறம் 2, 3 மாதம் களம்.

"இங்கேயே செய்யலாமே"

மூப்பர்கள் சொல்வது நியாயம்தான். பக்கத்திலுள்ள லாசா (Lasah) பக்கம் போனால் பூர்வகுடிகளான தெமியார் மக்களின் கிராமங்கள். ஊருக்குள்ளேயே, தோட்டம் விற்கப்பட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) வந்து தடுமாறும் நம் குடும்பங்கள். அப்போஸ்தலர் 1:8லும் எருசலேம்தான் முதலில் வருகிறது. ஆனாலும் வெளியே போகாத பிள்ளைக்கு எதிர்வீட்டுத் தேவை கண்ணில் படுவதில்லை என்பதையும் பார்த்துவிட்டேன். கம்போடியா போன 14 பேரில், திரும்பி வந்து சனிக்கிழமை டியூஷனுக்குக் கைகொடுத்தது 2 பேர். மலையகம் போன நாலு பேரும் இன்றுவரை வருகிறார்கள். எண்ணிக்கை சிறியதுதான், எனக்கு ஒரு தீர்மானம் எடுக்க அது போதுமானதாக இருந்தது: முதல் முறை போகிறவர்களை மலையகத்துக்கே அனுப்புகிறேன்.

இந்த முறை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், எல்லாரும் புதியவர்கள். என்ன கொண்டுவரட்டும், துணிமணியா, நோட்டுப் புத்தகமா என்று டிக்கோயா ஆசிரியைக்கு வாட்ஸாப்பில் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. "துணி வேணாம் சிஸ்டர். போன தடவை கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளையையே திரும்ப அனுப்ப முடியுமா? பாடம் பாதியில நிக்குது. பிள்ளைகள் கேட்டுட்டே இருக்காங்க."

அவள் இப்போது ஈப்போவில் வேலையில் இருக்கிறாள். லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.