மாப்பிள்ளையின் குடும்பப்பெயருக்கு 14,500 ரூபாய்

எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் முன்னோரின் பூர்வீகத்தையும் குடும்பப்பெயரின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வதாக விளம்பரம் செய்யும் மரபணுச் சோதனைச் சேவை ஒன்றைச் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் வாங்கினோம். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே சரக்கை விற்பவர்கள் பலர் இருப்பதால், வாங்க நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம். மரபணுப் பகுதிக்கு 9,500, குடும்பப்பெயர் அறிக்கைக்குத் தனியாக 5,000 என மொத்தம் 14,500 ரூபாய் ஆயிற்று. முதற்பகுதி கொடுத்த பணத்துக்கு ஓரளவு ஈடுதான். இரண்டாம் பகுதிக்குக் கொடுத்த 5,000 ரூபாயைக் காவிரியில் விட்டிருந்தால்கூட ஆடிப்பெருக்குக்குச் செய்ததாக நினைத்து மனம் ஆறியிருக்கும்.

நாங்கள் திருபுவனத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டுத்தறியை நம்பிப் பிழைப்பவர்கள். என் மகள் வேலைக்காக ஒசாகா சென்று, அங்கேயே ஒரு ஜப்பானியரை மணந்துகொண்டாள். மாப்பிள்ளையின் குடும்பப்பெயர் ஹாத்தா. பேத்தியின் காதுகுத்துக்காக அவர்கள் ஊருக்கு வந்திருந்தபோது, குலதெய்வக் கோயிலில் அர்ச்சனைக்குக் குழந்தையின் கோத்திரத்தைக் கேட்டார்கள். கோத்திரம் தகப்பன் வழியில்தானே வர வேண்டும் என்று ஒரு பெரியவர் சொல்ல, ‘ஹாத்தா’ என்பது என்ன வகைப் பெயர், அது குலத்தின் பெயரா ஊரின் பெயரா என்ற பேச்சு அன்றைய பந்தி முடியும்வரை ஓயவில்லை. நமக்குக் குடும்பப்பெயர் என்பதே பழக்கமில்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நாம் நின்றுவிடுகிறோம். எங்கள் தெருவில் குடிப்பெயர் வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பங்களை விட்டால், இந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ளவே ஆள் இல்லை. அந்த ஆவலில்தான் இணையத்தில் தேடி இந்தச் சேவையை வாங்கினோம்.

பெட்டி ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. மாதிரி தருவதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து எதையும் உண்ணவோ பருகவோ கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மாப்பிள்ளை அப்போதுதான் கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை முதன்முறையாக மென்று வாயெல்லாம் சிவந்து நின்றார் என்பதால், வாய் கொப்பளிக்க வைத்து மறுநாள் காலைக்கு ஒத்திப்போட்டோம். செயல்முறை விளக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது ஒரு குறை. அறிக்கை ஏழாவது வாரம் மின்னஞ்சலில் வந்தது.

முதற்பக்கத்திலுள்ள விழுக்காட்டுக் கணக்கை நான் பெரிதாக மதிக்கவில்லை. மாப்பிள்ளை 98 விழுக்காடு ஜப்பானியர் என்று அது சொன்னது. இன்றைய ஜப்பானியரையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு ஒரு ஜப்பானியரைச் சோதித்தால் வேறு என்ன வரும்? இன்றைய ஜப்பானியருக்குள் கலந்திருக்கும் பழைய கூறுகளைப் பிரித்துக் காட்டியிருந்தால் பயன் இருந்திருக்கும். தீவுகளில் பல்லாயிரம் ஆண்டுகள் வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழ்ந்த ஜோமோன் மக்கள், கி.மு. முதலாயிரத்தாண்டில் கொரியத் தீபகற்பம் வழியாக நன்செய் நெல் விவசாயத்தோடு வந்து சேர்ந்த யாயோய் மக்கள் என்ற இரண்டு அடுக்குகளை மானுடவியலாளர் ஹானிஹாரா கசுரோ 1991இல் முன்வைத்தார். பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, கோஃபுன் காலத்தில் (ஏறத்தாழ கி.பி. 3 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை) கிழக்காசியாவிலிருந்து வந்த மூன்றாவது அடுக்கையும் சேர்த்தது. ஜப்பானின் முதன்மைத் தீவுகளில் வாழ்பவர்களிடம் ஜோமோன் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றுவரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. இதில் ஒரு வரிகூட அறிக்கையில் இல்லை.

தகப்பன் வழியாக மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் பற்றிய பகுதியை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளையுடையது ‘டி’ என்ற மரபுக்குழுவில் ஜப்பானுக்கே உரிய கிளை. ஜப்பானிய ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இது உண்டு. ஜோமோன் மக்களிடமிருந்து வந்தது என்பதற்கு அக்காலத்து எலும்புகளே சான்றாக உள்ளன. இதே குழுவின் தூரத்துக் கிளைகள் திபெத்திலும் அந்தமான் பழங்குடியினரிடமும் காணப்படுகின்றன என்றும் அறிக்கை சரியாகவே கூறுகிறது. அந்தமான் என்ற சொல்லைக் கேட்டதும் என் மைத்துனர், இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருவதை நினைவூட்டி, இது சோழர் கடற்படை விட்டுச்சென்ற உறவு என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அந்தக் கிளைகள் பிரிந்து பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்பதையும், மாநக்கவாரம் என்பது நிக்கோபார் என்பதையும் அவருக்குப் புரியவைக்க ஒரு மாலை செலவாயிற்று.

கோளாறு தொடங்குவது ஒன்பதாம் பக்கத்தில். குடும்பப்பெயர் வரலாறு என்ற தலைப்பில், ஹாத்தா குலம் சீனாவின் சின் பேரரசருடைய வழிவந்தது என்றும், ஓஜின் பேரரசர் காலத்தில் யுசுகி என்ற தலைவரின் கீழ் கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்து குடியேறியது என்றும், பட்டுப்புழு வளர்ப்பையும் நெசவையும் ஜப்பானில் பரப்பியது என்றும் பளபளப்பான படங்களோடு எழுதியிருந்தார்கள். கியோத்தோவின் கோர்யூஜி கோயிலை ஹாத்தா நோ கவாகத்சு 603இல் எழுப்பியதும், நெல்லுக்குரிய தெய்வமான இனாரியின் தலைமைக் கோயிலான ஃபுஷிமி இனாரி இதே குலத்தவரால் 711இல் தொடங்கப்பெற்றதும் அதில் இருந்தன. ஜப்பானிய மொழியில் தறிக்கும் ‘ஹாத்தா’ என்றே பெயர் என்ற வரியைப் படித்தபோது எங்கள் வீட்டில் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பட்டுக்குலமும் பட்டுக்குலமும் சம்பந்தம் செய்துகொண்டதாக அன்றைக்குத் தெருவெங்கும் செய்தி பரவியது.

இந்தச் செய்திகள் பொய்யல்ல. 720இல் முடிந்த நிஹோன் ஷோகி என்ற அரச வரலாற்று நூல் குலத்தின் வருகையைக் கூறுகிறது. 815இல் தொகுக்கப்பட்டு 1,182 குலங்களைப் பேரரசர் வழி, தெய்வ வழி, அயல்நாட்டு வழி என மூன்றாகப் பிரித்த சின்சென் ஷோஜிரோகு என்ற குலப்பட்டியல், ஹாத்தா குலத்தை மூன்றாம் பிரிவில் வைக்கிறது. சின் பேரரசர் தொடர்பு மட்டும், சோழர் செப்பேடுகள் வம்சாவளியைச் சூரியனில் தொடங்கிச் சிபி வழியாகக் கொண்டுவருவதைப் போல, குலப்பெருமைக்காகச் சொல்லப்பட்டது என்றே கொள்ள வேண்டும். அறிக்கை அதையும் நடந்த வரலாறாகவே எழுதியிருப்பதைக்கூட மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. அறிக்கையை மாப்பிள்ளை ஒசாகாவிலிருந்து படித்துவிட்டு, “மாமா, இது எங்கள் எழுத்து இல்லை” என்று ஒரு தாளில் எழுதிப் படம் அனுப்பினார். நெசவுக் குலத்தின் ஹாத்தா, சின் வம்சத்தைக் குறிக்கும் எழுத்தில் எழுதப்படுவது. மாப்பிள்ளையின் ஹாத்தா, இடப்பக்கம் தீயும் வலப்பக்கம் வயலும் சேர்ந்த எழுத்து. அது சீனாவிலிருந்து வந்த எழுத்துகூட அல்ல, ஜப்பானியரே உருவாக்கிக்கொண்டது. காட்டை எரித்துத் திருத்திய மேட்டு நிலத்தை, அதாவது நீர் நிற்கும் நெல்வயலுக்கு எதிரான நிலத்தை அது குறிக்கிறது. நம் பக்கத்துச் சொல்லில் புன்செய். 1994இல் சில வாரங்கள் பிரதமராக இருந்த ஹாத்தா சுதோமுவின் பெயரோ சிறகும் வயலுமாக மூன்றாவது வகையில் எழுதப்படுவது. ஒலி ஒன்று, எழுத்து வேறு, பொருள் வேறு, வந்த வழியும் வேறாக இருக்கலாம்.

கோயிலைக் குறிக்கும் தளியையும் கழுத்தில் ஏறும் தாலியையும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி எழுதிவிட்டு, இரண்டுக்கும் வேர் ஒன்று என்று ஒருவர் நமக்கே விளக்கினால் எப்படி இருக்கும்? அதைத்தான் இந்த நிறுவனம் செய்திருக்கிறது. விண்ணப்பத்தில் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் கேட்டார்கள். ஜப்பானியக் குடும்பப்பெயர்கள் லட்சத்துக்கு மேல் இருக்க, எழுத்தைக் கேட்காமல் பெயரின் வரலாற்றை ஒருவர் விற்கிறார் என்றால் அவர் அந்தத் துறையைத் தொட்டே பார்க்கவில்லை என்று பொருள். எழுத்தே ஒன்றாக இருந்தாலும் குலம் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. எளிய மக்கள் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள 1870இல் அனுமதி வந்தது, 1875இல் அது கட்டாயமாயிற்று. அதற்கு முன்பே ஊருக்குள் பெயர் வழங்கிவந்த குடியானவர்களும் உண்டு, புதிதாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. நிலத்தையும் மேட்டையும் ஆற்றையும் பார்த்து வைத்த பெயர்கள் எத்தனையோ. தனாக்கா என்றால் வயலின் நடு, யமாதா என்றால் மலைவயல்.

இன்னொரு முரண் அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. ஆண்வழி மரபு தீவின் ஆதிகுடிகளுடையது என்று நான்காம் பக்கம் சொல்ல, அதே மனிதரின் குலம் கண்டத்திலிருந்து வந்து குடியேறியது என்று ஒன்பதாம் பக்கம் சொல்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்ததே இல்லை போலும். இரண்டும் ஒரே குடும்பத்தில் பொருந்துவது நடக்கக்கூடியதே. ஆனால் எப்படி என்று விளக்க வேண்டிய பொறுப்பு பணம் வாங்கியவருக்கு உண்டு. ஜப்பானில் பெயரும் இரத்தமும் ஒரே வழியில் ஓடுவதில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீடு, மகளை மணப்பவரையே மகனாகத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்துவிடும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. நம்மூரில் வீட்டோடு மாப்பிள்ளையும் உண்டு, கோத்திரத்தை மாற்றிவிடும் சுவீகாரமும் உண்டு. அங்கே இரண்டும் ஒரே சடங்காக ஒருவர் தலையில் ஏறுகிறது. அப்படி ஒருவர் வந்துவிட்டால், அதற்குப் பின் அந்த வீட்டு ஆண்களின் ஒய் குரோமோசோம் சொல்வதெல்லாம் வேறொரு வீட்டின் கதைதான்.

இவ்வளவையும் விளக்கி, மாப்பிள்ளை எழுதிய எழுத்தையும் இணைத்து நிறுவனத்துக்கு மடல் எழுதினேன். தாங்கள் அளித்த பெயர் எங்கள் தரவோடு சரியாகப் பொருந்துகிறது என்ற பதிலும், அடுத்த சோதனைக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடியும் வந்தன. மூன்றாம் மடலுக்குப் பிறகு பதிலே இல்லை.

இதே விவரம் கிடைக்க நேரான வழி ஒன்று அங்கேயே இருக்கிறது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். ஜப்பானில் குடும்பப் பதிவேடு உண்டு. 1872இல் தொடங்கிய முதல் பதிவேட்டைப் பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. 1886ஆம் ஆண்டு அமைப்பிலிருந்து உள்ளவற்றை நேர்வழி வாரிசுகள் பெறலாம். பழைய ஏடுகளைப் பாதுகாக்கும் காலம் 2010இல் 150 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. 2024 மார்ச் முதல், பூர்வீக ஊருக்குப் போகாமலே அருகிலுள்ள நகராட்சி அலுவலகத்தில் நேரில் சென்று கேட்டு வாங்கலாம். பழைய ஏட்டின் நகல் ஒன்றுக்கு 750 யென், நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. சம்பந்தியம்மாள் ஒரு காலைப்பொழுதில் போய் மூன்று நகல்கள் வாங்கி வந்தார். மாப்பிள்ளையின் தாத்தா அந்த வீட்டுக்குத் தத்து மாப்பிள்ளையாக வந்தவர் என்றும், பிறந்த வீட்டில் அவர் பெயர் தனாக்கா என்றும் அதில் இருக்கிறது. 9,500 ரூபாய் கொடுத்துக் கண்டறிந்த ஒய் குரோமோசோம் ஹாத்தா வீட்டுடையதே அல்ல. நன்செய் வீட்டிலிருந்து புன்செய் வீட்டுக்கு வந்தது.

ஆகவே, தகப்பன் வழியையும் தாய் வழியையும் ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கில் அறிய விரும்புபவர்கள் மரபணுப் பகுதியை மட்டும் வாங்கலாம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். குடும்பப்பெயர் அறிக்கையை எந்த நிறுவனம் விற்றாலும், விண்ணப்பத்தில் மூல எழுத்தைக் கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கேட்கவில்லையென்றால் பக்கத்தை மூடிவிடுங்கள். இதற்கு ஒன்று கொடுப்பதே அதிகம்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் ஒரு சொல். மாதிரியை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தில் முன்கூட்டியே குறி போட்டிருந்தது. நாம்தான் தேடி எடுக்க வேண்டும். இத்தகைய சேவை தரும் பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்றிலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. ஒருவர் கொடுக்கும் எச்சிலில் அவருடைய பிள்ளைகளின் பாதி இருக்கிறது, பேத்தியைக் கேட்டு நாங்கள் கொடுக்கவில்லை. தரவை அழிக்கும்படி மாப்பிள்ளை சென்ற மாதம் விண்ணப்பித்திருக்கிறார். முப்பது நாட்களில் உறுதிமடல் வரும் என்றார்கள், இன்று இருபத்தாறாம் நாள்.