ஃப்ரீபிஎஸ்டியில் பில்ட் அமைவுக் கோப்புகள்: எட்சியில் பாதி, வாரில் மீதி

வீட்டுச் சர்வரின் வட்டு பழுதாகிப் புதிது மாற்றிய வாரத்திலேயே, ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்துக்கு மாற நினைக்கும் நண்பர் ஒருவர், மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கம்பைல் (அதாவது பில்ட்) செய்வதற்கான அமைவுக் கோப்புகளை எந்த அடைவில் வைப்பது நல்லது என்று கேட்டார். பல ஆண்டுகளாக இதிலேயே வேலை செய்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வட்டு போன பிறகு எது திரும்பக் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை இந்த இடத் தேர்வுதான் முடிவு செய்தது.

கணினியின் அமைவுகள் இருக்கும் எட்சி அடைவுக்குரிய மேக்.கான்ஃப், எஸ்ஆர்சி.கான்ஃப் ஆகிய இரண்டு கோப்புகளும் நிறுவும்போது வருவதில்லை. நாமே உருவாக்கினால்தான் உண்டு. ஆகவே அவற்றில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நாம் யோசித்து எழுதியது என்ற உறுதி எப்போதும் இருக்கிறது. மேக்.கான்ஃப் கோப்போ, பில்ட் வேலையை நடத்தும் மேக் கட்டளை எங்கே ஓடினாலும் படிக்கப்படுவது. இயங்குதளத்துக்கென்று அதில் எழுதிய ஒரு கம்பைலர் அமைவு, சம்பந்தமே இல்லாத ஒரு போர்ட்டையும் (மூல நிரலிலிருந்து நாமே பில்ட் செய்துகொள்ளும் கூடுதல் மென்பொருள்) போய்ப் பாதிக்கும். 2008-இல் வெளிவந்த 7.0 பதிப்பு இதற்கு எஸ்ஆர்சி.கான்ஃப் என்ற தனிக் கோப்பைத் தந்தது. இயங்குதளத்தின் மூல நிரலை பில்ட் செய்யும்போது மட்டுமே அது பார்க்கப்படும் என்பதால், இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றன. புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தக் கோப்பில் 'வித்தவுட்' என்று தொடங்கும் மாறிக்கு நேரே 'நோ' என்று எழுதினாலும் அந்தப் பகுதி நீக்கப்பட்டுவிடும், ஏனெனில் மாறியின் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கப்படுகிறதே தவிர அதன் மதிப்பு பார்க்கப்படுவதில்லை.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் அமைவுக் கோப்புக்கு மரபான இடம் மூல நிரல் மரத்துக்குள் (மூல நிரல் மொத்தமும் உள்ள அடைவு), இயல்பாகவே வரும் ஜெனரிக் என்ற அமைவுக் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மரத்தை அழித்து மறுபடி கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி மூலம் இறக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் கோப்பை ரூட் பயனரின் அடைவில் வைத்துவிட்டு மரத்துக்குள் அதைச் சுட்டும் ஓர் இணைப்பை (சிம்லிங்க்) மட்டும் கொடுக்கும்படி அதிகாரபூர்வக் கையேடே வழிகாட்டுகிறது. ஆனால் நான் எதிர்பாராத மகிழ்ச்சியும் இங்கேதான் கிடைத்தது. ஜெனரிக்கை அடிப்படையாகக் கொண்ட கெர்னல் தன் அமைவைத் தன்னுள்ளேயே சுமந்திருக்கிறது, சிஸ்கன்ட்ரோல் கட்டளையில் கெர்ன்.கான்ஃப்டெக்ஸ்ட் என்று கேட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலே அதை வரி வரியாகச் சொல்லிவிடுகிறது. குறிப்புரைகள் மட்டும் அதில் வருவதில்லை, ஆகவே ஒரு டிரைவரை ஏன் நீக்கினோம் என்ற காரணத்தை வேறெங்காவது எழுதி வைப்பது நல்லது.

இத்தனை நேர்த்தியாகச் செய்தவர்கள் போர்ட்ஸ் விருப்பத்தேர்வுகளை, கணினி ஓடும்போது சேரும் தரவுக்கான வார் அடைவுக்குள், டிபி போர்ட்ஸ் என்ற இடத்தில் போட்டு வைத்திருப்பதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஒரு போர்ட்டைக் கம்பைல் செய்யும்போது நீலத் திரையில் தேர்வுப் பெட்டி வருகிறது. நாம் டிக் செய்து ஓகே கொடுத்ததும், அந்தப் போர்ட்டின் பெயரில் ஓர் அடைவு உருவாகி, அதில் ஆப்ஷன்ஸ் என்ற கோப்பு எழுதப்படுகிறது. அது கணினி தானாகக் கணக்கிட்டுச் சேர்த்த தரவு அன்று, உரிமையாளர் எடுத்த முடிவு. முடிவுகளுக்குரிய இடம் எட்சி. அதைவிட எரிச்சலூட்டுவது முன்னுரிமை. ஒரு போர்ட்டுக்கு இன்னது வேண்டும் என்று மேக்.கான்ஃப் கோப்பில் தெளிவாக எழுதியிருந்தாலும், வாரில் சேமிக்கப்பட்ட பழைய ஆப்ஷன்ஸ் கோப்பு சத்தமின்றி அதை மீறிவிடுகிறது. அதை வெல்ல, பெயரின் கடைசியில் 'ஃபோர்ஸ்' என்று முடியும் இன்னொரு மாறியை எழுத வேண்டியிருக்கிறது. அமைவுகளைக் காப்பெடுக்கும் எவரும் எட்சியையும், கூடுதலாக நிறுவிய மென்பொருள்களின் அமைவுகள் இருக்கும் யுஎஸ்ஆர் லோக்கல் எட்சியையும்தான் எடுப்பார்கள். எனக்கும் அவை இரண்டும் முழுதாகத் திரும்பின, தேர்வுப் பெட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக மறுபடி நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

போர்ட்டுகளைத் தனிச் சூழலில் பில்ட் செய்து தரும் கருவியான பூட்ரியர் இதைச் சரியாகவே செய்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அதன் மேக்.கான்ஃப், விருப்பத்தேர்வுகள் எல்லாம் யுஎஸ்ஆர் லோக்கல் எட்சியில் பூட்ரியர்.டி என்ற ஒரே அடைவில் சேர்ந்திருக்கின்றன. அதை அப்படியே கிட்டில் போட்டு வைக்கலாம்.

எஸ்ஆர்சி.கான்ஃப் கோப்பை இவ்வளவு பாராட்டிய பிறகும், நண்பருக்கு நான் தரும் பதில் இப்போதைக்கு எதையும் கம்பைல் செய்ய வேண்டாம் என்பதுதான். ஜெனரிக் கெர்னலும் பிகேஜி என்ற கட்டளை மூலம் நிறுவும் ஆயத்தத் தொகுப்புகளும் அவருக்குப் போதும். தவிர்க்கவே முடியாத ஒரு போர்ட் வந்தால், பூட்ரியரை நிறுவிக்கொண்டு அதில் பில்ட் செய்யட்டும். யுஎஸ்ஆர் போர்ட்ஸுக்குள் நேராகப் போய் மேக் இன்ஸ்டால் கொடுக்க வேண்டாம்.