நான்கு கட்டங்களில் அடங்காத நாள்: ஒரு நாட்குறிப்பேட்டை ஆறு மாதம் பயன்படுத்திய பின்

ஒவ்வொரு நாளையும் பணி, குடும்பம், ஆன்மிகம், நான் என்று நான்கு வண்ணக் கட்டங்களாகப் பிரித்து, பெண்களுக்கென்றே அச்சிட்டதாகச் சொல்லி இணையத்தில் விற்கப்படும் நாட்குறிப்பேடு ஒன்றை 495 ரூபாய்க்கு வாங்கி, 2025 பிப்ரவரியிலிருந்து ஆறு மாதம் எழுதிப் பார்த்தேன். திருநெல்வேலி மேலப்பாளையத்தில் வசிக்கும் நான் செவிலியர். படுக்கையிலிருக்கும் புற்றுநோயாளிகளையும் முதியோரையும் வீட்டுக்கே சென்று கவனிக்கும் தன்னார்வக் குழுவில் வாரம் நான்கு நாள் பணியாற்றுகிறேன். கணவர் வளைகுடாவில் இருப்பதால் மாமியும் இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பு.

தாளைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. ஜெல் பேனா மறுபக்கம் ஊறவில்லை. நூல் தையல் என்பதால் எந்தப் பக்கத்தில் திறந்து வைத்தாலும் மூடிக்கொள்ளாமல் கிடக்கிறது. தேதி அச்சிடாமல் விட்டிருப்பதுதான் எனக்கு மிகவும் உதவியது. பிறையைக் கொண்டு கணக்கிடும் இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 354 நாட்களே கொண்டது. பிறை தெரியும் வரை ரமலான் என்றைக்குத் தொடங்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. 2025இல் மார்ச் 2ஆம் நாள் முதல் நோன்பு என்று முந்தைய இரவுதான் தெரிந்தது. அன்றிரவே அடுத்த முப்பது பக்கங்களுக்கு நானே பிறைக் கணக்கில் எண்ணிட்டுக்கொண்டேன்.

சிக்கல் நேர வரிசையில் தொடங்குகிறது. காலை 8 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்கு நாள் முடிந்துவிடுவதாக இதை வடிவமைத்தவர் முடிவு செய்திருக்கிறார். நோன்புக்கு முன் உண்ணும் என்னுடைய சஹரும், விடியற்காலை ஃபஜர் தொழுகையும், ரமலானில் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகையும் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. அது போகட்டும், கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டியிருப்பதால், காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என்று போய், நோயாளியை நடு இரவில் எழுப்பாமலிருக்க மருத்துவர் குறித்தபடி இரவு 10 மணிக்குக் கூடுதல் அளவு கொடுக்கப்படும். அந்த நேரங்களில்தான் வீட்டாரிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். ஐந்து மருந்து வேளைகளில் மூன்றுக்குத்தான் குறிப்பேட்டில் இடமிருந்தது.

கட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் பணி அவற்றுள் ஒன்றில் மட்டும் அடங்குவதில்லை. தீரா நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சைக்காகக் கோழிக்கோட்டில் 1993இல் வேர்விட்ட முயற்சி, பின்னாளில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளியைக் கவனிக்கும் முறையாகக் கேரளம் முழுவதும் பரவியது. எங்கள் குழுவும் அதைப் பார்த்துக் கற்றதுதான். 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் செவிலியரும் வீடுகளுக்கு வருவதால், அவர் வராத நாளாகப் பார்த்து நாங்கள் செல்கிறோம். ஒருநாள் படுக்கைப்புண்ணுக்கு மருந்திட்டு முடிக்கையில் பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு கேட்டது. நான் கேட்காமலேயே அந்த வீட்டு மருமகள், நெற்றியில் திருநீறோடு வந்து, துவைத்த பாயொன்றை எடுத்து மேற்கு நோக்கி விரித்தார். அதை ‘பணி’யில் எழுதுவதா, ‘ஆன்மிக’த்தில் எழுதுவதா? இன்னொரு வீட்டில் மூச்சு அடங்கிக்கொண்டிருந்த பெரியவரின் தலைமாட்டில் அமர்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினேன், எழுதாமலே விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் ‘குடும்பம்’ காலியாகக் கிடந்ததைப் புரட்டிப் பார்த்த என் பத்து வயது மகள், “உம்மா, எங்க கட்டம் மட்டும் வெள்ளையா இருக்கே” என்று கேட்டுவிட்டு, அதில் தானே ‘கணக்குப் பரீட்சைத் தாளில் உம்மா கையெழுத்துப் போடணும்’ என்று எழுதி வைத்தாள். அந்த வாரம் நான் செய்த சமையலையும் மாமியின் சர்க்கரைப் பரிசோதனையையும் எழுதத் தோன்றாதது என் தவறா, கட்டத்தின் தவறா என்று எனக்குத் தெளிவாகவில்லை. ‘நான்’ கட்டத்தில், ஆதரவுச் சிகிச்சைச் சான்றிதழ்ப் படிப்புக்குத் தினம் அரை மணி நேரம் ஒதுக்கிக் குறித்ததால் பாடங்களை உரிய காலத்தில் முடித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எரிச்சலூட்டியது வார இறுதிப் பக்கம். ‘இவ்வாரம் உங்கள் சமநிலைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள்’ என்கிறது. நாங்கள் 0 முதல் 10 வரை கேட்பது வலியை. அந்தப் பக்கங்களை மருந்து வாங்கிய ரசீதுகள் ஒட்டப் பயன்படுத்தினேன்.

அடையாள நாடா மூன்றாம் மாதமே கழன்றது. விற்பனையாளருக்கு இருமுறை எழுதியும் பதிலில்லை. இப்போது அந்த இடத்தில் மகளின் பழைய ரிப்பன் இருக்கிறது. அலுவலகம் முடித்து மாலையில் வீடு திரும்பும் பெண்களுக்கு இக்குறிப்பேடு பொருந்தலாம். கட்டங்களை எடுத்துவிட்டு, அதிகாலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை வெறும் கோடு போட்டு மறுபதிப்புக் கொண்டுவந்தால், இதே விலைக்கு நான் மீண்டும் வாங்குவேன்.